வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடுமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே கார்கள் ஓடும் சாலைகளிலிருந்து விலகி, மரங்களுக்கு நடுவே சுமார் 160 கிலோமீட்டருக்குத் தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். கடைக்குப் போக, பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போக, மாலையில் காற்று வாங்க என்று எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்கள் எடுப்பது கோல்ஃப் கார்ட்டைத்தான். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்கூட அதில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். ஃபுளோரிடாவில் ஓய்வுபெற்றவர்களுக்காகவே உருவான ‘தி வில்லேஜஸ்’ குடியிருப்பிலும் இதே கதைதான்.

சென்னை சென்ட்ரல் நிலையத்தில் முதியவர்களை ஏற்றிக்கொண்டு நடைமேடையில் மெல்ல ஊர்ந்து போகும் பேட்டரி காரைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூதாதை இந்தக் கோல்ஃப் கார்ட். 1954இல் டோலன் சகோதரர்கள் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் ஒரு சிறு பட்டறையில் ஈஸி-கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பெரிய போட்டியாளரான கிளப் கார் நிறுவனமும் பின்னர் அதே நகரில் வந்து வேரூன்றியது. மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் அகஸ்டா, இப்படி கோல்ஃப் வண்டிகளின் தலைநகராகவும் ஆனது.

கோல்ஃப் மைதானத்துக்காகப் பிறந்த வண்டிக்கு வேகம் தேவைப்படவில்லை. மணிக்கு 20 முதல் 24 கிலோமீட்டர் போனால் போதும். மைதானத்தை விட்டுத் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த வேகம் போதவில்லை என்ற குறை எழுந்தது. பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழக்கிறார்கள். மேட்டில் வண்டி திணறுகிறது. “என்ன செய்யலாம்?” என்று கேட்டால் மெக்கானிக்குகள் பெரும்பாலும் சொல்லும் பதில் ஒன்று: “36 வோல்ட் வண்டியை 48 வோல்ட் ஆக்கிவிடலாம்.”

வேலை பார்ப்பதற்கு எளிதாகவே தெரிகிறது. இருக்கைக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு வரிசையாக இருக்கும். ஆறும் தொடராக இணைந்து 36 வோல்ட் தரும். அவற்றை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு வைத்தால் 48 வோல்ட். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. வண்டியின் வேகமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். மணிக்கு 22.5 கிலோமீட்டரில் ஓடியது 30 கிலோமீட்டரை நெருங்கும்.

இது உண்மைதான். ஆனால் ஏன் இது உண்மை என்பதை முழுதாகப் புரிந்துகொண்டவருக்குத்தான், அந்த 30 கிலோமீட்டர் வேகத்துக்கு வண்டியின் ஒவ்வொரு பாகமும் என்ன விலை கொடுக்கிறது என்பதும் புரியும். அந்தக் கணக்கைத்தான் இந்த அத்தியாயத்தில் போட்டுப் பார்க்கப்போகிறோம்.

மோட்டார் ஒரு டைனமோவும்தான்

மோட்டாருக்குள் காந்தப்புலம் இருக்கிறது. அதில் சுழலும் உருளை ஆர்மெச்சூர். அதன் செம்புச் சுருள்களில் மின்னோட்டம் பாயும்போது, காந்தப்புலம் அவற்றைத் தள்ளிச் சுழற்றுகிறது. இவ்வளவும் பள்ளியில் படித்ததுதான்.

ஆனால் சுழலத் தொடங்கிய அந்த நொடியிலேயே இன்னொன்றும் நடக்கிறது. காந்தப்புலத்தில் ஒரு கம்பிச் சுருள் சுழன்றால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். டைனமோ வேலை செய்வது இந்த விதியால்தான். மோட்டாரின் சுருளும் காந்தப்புலத்தில்தானே சுழல்கிறது? ஆகவே அதிலும் மின்னழுத்தம் பிறக்கிறது. அதுவும் பேட்டரிக்கு எதிர்த் திசையில். இதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர். எதனால் எதிர்த் திசை என்பதைச் சொல்லும் விதியை 1834இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹைன்ரிஹ் லென்ஸ் வகுத்தார். அதே 1834இல்தான் மோரிட்ஸ் யாகோபி தன் மின்மோட்டாரைச் செய்தார். 1838இல் யாகோபி, பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் பேட்டரியால் ஓடும் படகையே விட்டுக் காட்டினார்.

எதிர் மின்னழுத்தத்தின் அளவு இரண்டைப் பொறுத்தது: காந்தப்புலம் எவ்வளவு வலுவானது, ஆர்மெச்சூர் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது. வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். வோல்ட்டுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு 36 வோல்ட் வண்டியின் மிதியை அழுத்தும் கணத்தை நிதானமாகப் பார்ப்போம். மோட்டார், கேபிள், பேட்டரி எல்லாவற்றின் மின்தடையும் சேர்ந்து 0.05 ஓம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கிறது, எதிர் மின்னழுத்தம் பூஜ்யம். ஓம் விதிப்படி 36ஐ 0.05 ஆல் வகுத்தால் 720 ஆம்பியர். சுருளை எரித்துவிடக்கூடிய மின்னோட்டம் இது. அதனால்தான் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கன்ட்ரோலர் என்ற பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விட்டு, மின்னோட்டத்தை ஏறத்தாழ 300 ஆம்பியருக்குள் அடக்கி வைக்கிறது.

வண்டி நகர்கிறது. ஆர்மெச்சூர் வேகம் பிடிக்கிறது. எதிர் மின்னழுத்தம் 10 வோல்ட், 20, 30 என்று ஏறுகிறது. 34 வோல்ட்டை எட்டும்போது மிச்சம் இருப்பது 2 வோல்ட்தான். 2ஐ 0.05 ஆல் வகுத்தால் 40 ஆம்பியர். சமதரையில் உராய்வையும் காற்றையும் சமாளித்து வண்டியை ஓட்ட அந்த 40 ஆம்பியரே தேவை என்றால், வேகம் அங்கேயே நின்றுவிடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் ஏறாது.

இப்போது 48 வோல்ட் கொடுங்கள். பழைய வேகத்தில் எதிர் மின்னழுத்தம் 34தான். மிச்சம் 14 வோல்ட் இருக்கிறது. கன்ட்ரோலர் அனுமதிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது, வண்டி உந்திப் பாய்கிறது. எதிர் மின்னழுத்தம் 46 வோல்ட்டை நெருங்கும்வரை வேகம் ஏறிக்கொண்டே போகும். 34க்கும் 46க்கும் உள்ள விகிதம் 1.35. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதன் காரணம் இவ்வளவே. நடைமுறையில் கூடுதல் மின்னோட்டம் காந்தப்புலத்தையும் சற்று வலுவாக்குவதால் இந்த விகிதம் கொஞ்சம் குறையும்.

ஆக, மோட்டாரின் வேகத்துக்கு உச்சவரம்பு போடுவது வோல்ட். மோட்டாரின் முறுக்குவிசையை, அதாவது அதன் பலத்தைத் தீர்மானிப்பது ஆம்பியர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், 48 வோல்ட் ஆக்கியும் மேட்டில் நின்ற வண்டி கிளம்பும்போது அதே திணறல் இருக்கிறதே என்று பலர் ஏமாறுகிறார்கள். நின்ற நிலையில் கன்ட்ரோலர் 300 ஆம்பியர்தான் தரும் என்றால் 36 வோல்ட்டிலும் 300, 48 வோல்ட்டிலும் 300. கிளம்பும் பலம் கூட வேண்டுமானால் அதிக ஆம்பியர் தரும் கன்ட்ரோலர்தான் வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு மேட்டில் வேகம் விழாமல் இழுப்பதில்தான் கூடுதல் வோல்ட்டின் பயன் தெரியும்.

எல்லா மோட்டாருக்கும் இது பொருந்தாது

பழைய கோல்ஃப் கார்ட்டுகளில் இருப்பது சீரிஸ் மோட்டார். அதில் காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளும் ஆர்மெச்சூரும் ஒரே தொடரில் இணைந்திருக்கும். ஆர்மெச்சூருக்குப் போகும் அதே மின்னோட்டம் காந்தத்துக்கும் போகிறது. சுமை கூடினால் மின்னோட்டம் கூடும், காந்தமும் வலுக்கும்; முறுக்குவிசை மளமளவென்று ஏறும். டிராம் வண்டிகளையும் மின்ரயில்களையும் நூறாண்டுக்கு மேல் இழுத்தது இந்த வகை மோட்டார்தான். 1888இல் ஃபிராங்க் ஸ்பிரேக் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் அமைப்பை ஓட்டிக் காட்டிய பிறகு அந்தத் தொழில் வேகம் பிடித்தது. பிற்கால டிராம்களில் ஒரு வண்டிக்கு இரண்டு மோட்டார்கள் இருந்தன. கிளம்பும்போது இரண்டையும் தொடராக இணைப்பார்கள். ஆளுக்குப் பாதி வோல்ட், பாதி வேகம். பிறகு இணையாக மாற்றுவார்கள். ஆளுக்கு முழு வோல்ட், முழு வேகம். வோல்ட்டை மாற்றி வேகத்தை மாற்றும் உத்தி, கோல்ஃப் கார்ட்டுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது.

சீரிஸ் மோட்டாரின் ஆபத்தும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சுமையே இல்லாவிட்டால் மின்னோட்டம் குறையும், காந்தப்புலம் மெலியும். மெலிந்த புலத்தில் அதே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்க ஆர்மெச்சூர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துத் தானே சிதறிவிடும். வண்டியிலிருந்து கழற்றிய மோட்டாரைச் சோதிக்கும்போது அனுபவமுள்ள மெக்கானிக் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியை மட்டும், அதுவும் சில நொடிகளுக்கு மட்டும் இணைப்பது இதனால்தான்.

1990களில் இரண்டாவது வகை பரவியது. இதில் காந்தச் சுருளுக்கு மின்சாரத்தைக் கன்ட்ரோலர் தனியாகக் கொடுக்கும். மோட்டாரின் முனையில் ஒரு சிறு காந்தமும் வேக உணரியும் இருக்கும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது கன்ட்ரோலருக்கு எப்போதும் தெரியும். அதற்குள் எழுதி வைத்த வேக எல்லை வந்ததும் அதுவே கட்டுப்படுத்திவிடும். இப்படிப்பட்ட வண்டியில் கன்ட்ரோலரின் அமைப்பைத் தொடாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது. பழைய கன்ட்ரோலர் புது வோல்ட்டைத் தாங்காமல் கெட்டுப்போகவும் கூடும்.

மூன்றாவது வகை ஏசி மோட்டார். ஈஸி-கோவின் ஆர்எக்ஸ்வி வண்டி வந்த பிறகு இது பரவலாகத் தெரிய ஆரம்பித்தது. இதில் ஆர்மெச்சூருக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் கிடையாது. மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்தான் வேகத்தை நிர்ணயிக்கிறது. அதை உருவாக்குவது கன்ட்ரோலர். இங்கே வேகம் என்பது பெரும்பாலும் மென்பொருளில் எழுதப்பட்ட ஓர் எண். ஆகவே வோல்ட்டைக் கூட்டி வேகத்தைக் கூட்டும் கதை, முக்கியமாக முதல் வகையான சீரிஸ் மோட்டாரின் கதை.

வோல்ட் கூடியது, ஆற்றல் கூடவில்லை

48 வோல்ட் ஆக்கினால் வண்டி கூடுதல் தூரமும் ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உண்மை தெரியும்.

ஈய அமில பேட்டரியில் ஒரு செல் தருவது சுமார் 2 வோல்ட். 6 வோல்ட் பேட்டரியில் மூன்று செல். 8 வோல்ட் பேட்டரியில் நான்கு செல். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுப் பெட்டி; எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 28 கிலோ. அதே பெட்டிக்குள் ஒரு தடுப்பைக் கூட்டி நான்கு அறை ஆக்கினால் ஒவ்வோர் அறையும் சிறுத்துத்தானே போகும்? ஈயத் தகடுகளும் குறையும். கோல்ஃப் கார்ட்டுக்கென்று விற்கும் பெயர்பெற்ற 6 வோல்ட் பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 225 ஆம்பியர்-மணி. அதே நிறுவனத்தின் 8 வோல்ட் பேட்டரியில் 170 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பாருங்கள். 36 × 225 = 8,100 வாட்-மணி. 48 × 170 = 8,160 வாட்-மணி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆற்றலைத் தருவது ஈயமும் அமிலமும்; அவற்றின் அளவு மாறாதபோது ஆற்றல் எங்கிருந்து கூடும்?

செலவோ கூடிவிட்டது. ஆட்களோடு 600 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 22.5 கிலோமீட்டர் வேகத்தில் டயர் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் வெல்லச் சக்கரத்தில் சுமார் 1,100 வாட் தேவை என்று கணக்கு வருகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 1,700 வாட்டைத் தாண்டுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட, திறன் தேவை பாதிக்கு மேல் கூடுகிறது. டயர் உராய்வு வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. காற்றின் எதிர்ப்பு விசைதான் வேகத்தின் இருமடியாக வளர்கிறது. தட்டையான முன்கண்ணாடியும் திறந்த பக்கங்களும் கொண்ட கோல்ஃப் கார்ட், காற்றைக் கிழித்துப் போக வடிவமைக்கப்பட்டதே இல்லை. வழியில் வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு 64 வாட்-மணி குடித்த வண்டி இப்போது 73 வாட்-மணி குடிக்கும். ஒரே சார்ஜில் ஓடும் தூரம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறையும்.

ஈய அமில பேட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு. வேகமாக உறிஞ்சினால் மொத்தத்தில் குறைவாகவே தரும். 1897இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட் இதை ஒரு சமன்பாடாகவே எழுதி வைத்தார். மேலே சொன்ன 225, 170 என்ற எண்கள் 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைப்பவை. வண்டி ஓட்டும் அவசரத்தில் அவ்வளவு கிடைக்காது.

இப்போது பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுகிறார்கள். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், 16 செல் சேர்ந்தால் 51.2 வோல்ட். 170 கிலோ ஈயத்தின் இடத்தில் 50 கிலோவுக்குள் வேலை முடிகிறது. முக்கியமாக, சுமை ஏறும்போது இதன் மின்னழுத்தம் ஈய பேட்டரிபோல் தொய்வதில்லை. சார்ஜ் தீரும் தறுவாய்வரை வேகம் ஒரே சீராக இருக்கும். வேகமும் தூரமும் இரண்டும் வேண்டும் என்றால் அறிவியல் காட்டும் நேர்வழி இதுதான். விலைதான் தடை.

48 வோல்ட் என்பது 60 வோல்ட்

பேட்டரியை மாற்றியவர் அதோடு மாற்ற வேண்டியவை ஒரு வரிசையே இருக்கிறது. கன்ட்ரோலர், சொலினாய்டு, சார்ஜர், விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் மாற்றி, பேட்டரி அளவுகாட்டி எல்லாம் புது வோல்ட்டுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

இங்கே 48 என்ற எண் ஆளை ஏமாற்றும். 24 செல் கொண்ட ஈய பேட்டரித் தொகுதி முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போதே 51 வோல்ட் காட்டும். சார்ஜ் முடியும் கட்டத்தில் ஒவ்வொரு செல்லும் 2.5 வோல்ட் வரை ஏறும். மொத்தம் 60 வோல்ட். கன்ட்ரோலருக்குள் உள்ள மின்தேக்கிகளுக்கும் டிரான்சிஸ்டர்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் தாங்கும் எல்லை உண்டு. 50 வோல்ட் வரை தாங்கும் மின்தேக்கி 36 வோல்ட் வண்டியில் பல வருடம் உழைக்கும். 48 வோல்ட் வண்டியில் முதல் நாளே உப்பி வெடிக்கலாம்.

சொலினாய்டு என்பது மிதியை அழுத்தியதும் ‘டக்’ என்று ஒலித்து, பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். 36 வோல்ட்டுக்குச் சுற்றிய அதன் சுருளில் 48 வோல்ட் கொடுத்தால் வெப்பம் 1.78 மடங்காகும், சீக்கிரமே சுருள் கருகும். நேர்மின்னோட்டத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அதனால் சுவிட்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணையும். பேட்டரி மின்சாரத்துக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. வோல்ட் கூடக்கூடப் பொறி நீண்டு, தொடுமுனைகளை உருக்கி ஒட்ட வைத்துவிடும். மிதியிலிருந்து காலை எடுத்தும் மின்சாரம் நிற்காத நிலைமை அப்படித்தான் வருகிறது.

கேபிள் முனையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பேட்டரியின் ஈய முனையில் செம்புக் கேபிளை நட்டுப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். நட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. முனையில் வெள்ளைப் பூப்பு. அந்த ஒரு இணைப்பில் மட்டும் 5 மில்லி ஓம் தடை என்று வையுங்கள். மேட்டில் ஏறும்போது 200 ஆம்பியர் பாய்கிறது. 200ஐ 200ஆல் பெருக்கி 0.005ஆல் பெருக்கினால் 200 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான். எட்டு அயர்ன்களை ஒரே நட்டின்மேல் வைத்து அழுத்துவதற்குச் சமம் இது. ஈய முனை மெழுகாக உருகி வழியும். சார்ஜ் ஆகும்போது இந்த பேட்டரிகள் ஹைட்ரஜன் வாயுவை விடுகின்றன. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. சூடான முனையும் தீப்பொறியும் ஹைட்ரஜனும் ஒரே இருக்கைக்கு அடியில் சேர விடக்கூடாது. கைச்சங்கிலியையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, மின்காப்பு சுற்றிய ஸ்பேனரோடு வேலை பார்ப்பவர்தான் நல்ல மெக்கானிக்.

வேகத்தின் இருமடி

இனி சொல்லப்போவதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம். வோல்ட் கூடினால் வேகம் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆனால் வேகத்தால் வரும் விளைவுகள் பலவும் அதன் இருமடியாகக் கூடுகின்றன. 1.333ஐ அதே 1.333ஆல் பெருக்கினால் 1.78. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மோட்டாருக்குள். கோல்ஃப் கார்ட்டின் பின்னச்சில் உள்ள கியர் விகிதம் சுமார் 12.3; மோட்டார் 12.3 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 46 செ.மீ. விட்டமுள்ள டயர், மணிக்கு 22.5 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 260 சுற்று சுழல்கிறது. மோட்டார் 3,200 சுற்றைத் தொடுகிறது. 30 கிலோமீட்டரில் மோட்டார் 4,300 சுற்று. ஆர்மெச்சூரின் முனையில் கம்யூட்டேட்டர் இருக்கிறது. மெல்லிய செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிச் செய்தது. அதன் ஆரம் 3.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பழைய வேகத்தில் ஒரு கிராம் செம்பு 400 கிராம் எடையுள்ளதுபோல் வெளிப்புறமாக இழுக்கும். புது வேகத்தில் 700 கிராமைத் தாண்டும். பட்டை ஒன்று தலைமுடி அளவு வெளியே நீட்டினாலும் போதும், கார்பன் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும், மோட்டார் அதோடு முடிந்தது. இறக்கத்தில் வண்டி தானாக உருண்டு இன்னும் வேகம் பிடிக்கும்போது இந்த விசை மேலும் ஏறும்.

அடுத்து பிரேக். பெரும்பாலான கோல்ஃப் கார்ட்டுகளில் பின்சக்கரங்களில் மட்டும் டிரம் பிரேக் உண்டு; கேபிள் இழுத்துப் பிடிப்பது. முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வருவதைப் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில் பழைய வண்டி 6 மீட்டரும் புது வண்டி 8 மீட்டரும் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க, அதே பிரேக் அதே பலத்தோடு பிடித்தாலும், பழைய வண்டிக்கு 6.5 மீட்டர், புது வண்டிக்கு 11.5 மீட்டர். மொத்தம் 13 மீட்டரில் நின்ற வண்டி இப்போது நிற்பது 20 மீட்டரில். அந்த ஏழு மீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, வளைவு. 8 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தைப் பழைய வேகத்தில் எடுத்தால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பின் பாதி அளவு. புது வேகத்தில் அது பத்தில் ஒன்பது பங்கு. ஒரு மீட்டரைக் கூட எட்டாத சக்கர இடைவெளியும், இருக்கையின் மேல் உயரமாக உட்காரும் ஆட்களும் உள்ள வண்டி அந்த விசைக்குச் சாய்ந்துவிடும். அதற்கு முன்பே, கதவும் சீட் பெல்ட்டும் இல்லாததால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் வெளியே வீசப்படலாம். அழகுக்காக வண்டியைத் தூக்கிக் கட்டிப் பெரிய டயர் போட்டவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

டயரைப் பெரிதாக்குவது, கியர் விகிதத்தைக் குறைப்பது, வேக வைண்டிங் சுற்றிய மோட்டாரைப் போடுவது ஆகியவையும் வேகத்தைக் கூட்டும் வழிகள்தான். ஆனால் அவை மூன்றும் இழுக்கும் பலத்தைக் குறைத்து வேகத்தைத் தருகின்றன. வோல்ட்டைக் கூட்டுவது மட்டுமே பலத்தைக் குறைக்காமல் வேகம் தரும். பொறியியல் பார்வையில் அது நேர்மையான வழி என்றே சொல்வேன். ஆனால் அந்த நான்கு வழிகளில் எதில் போனாலும் 1.78இலிருந்து தப்ப முடியாது. வேகம் வந்த வழியைப் பிரேக் கேட்பதில்லை.

சட்டம் போட்ட கோடு

இந்த இயற்பியல்தான் சட்டமாகவும் வந்திருக்கிறது. 1998 ஜூனில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் குறைவேக வாகனம் என்ற புது வகையை அறிவித்தது. மணிக்கு 20 மைலுக்கு மேல், 25 மைலுக்குள் போகும் நான்கு சக்கர வண்டி, அதாவது 32 முதல் 40 கிலோமீட்டர் வரை போகும் வண்டி, இதில் அடங்கும். அதற்கு முகப்பு விளக்கு, திரும்பும் விளக்கு, பிரேக் விளக்கு, கண்ணாடிகள், முன்கண்ணாடி, சீட் பெல்ட், வாகன அடையாள எண் எல்லாம் கட்டாயம். 20 மைலைத் தாண்ட முடியாத வண்டிதான் சாதாரணக் கோல்ஃப் கார்ட். 36 வோல்ட்டை 48 ஆக்கினால் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கலாம். அதோடு பெரிய டயரும் சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிடும். சட்டத்தின் கண்ணில் அது வேறு வண்டி.

நம் நாட்டிலும் இதுபோன்ற கோடு ஒன்று உண்டு. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள மின்ஸ்கூட்டருக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். இந்தச் சலுகையில் வாங்கிய ஸ்கூட்டரின் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 40, 45 என்று ஓட்டுவது நம் ஊர்களில் நடக்கிறது. பதிவு எண் இல்லை, காப்பீடு இல்லை, பல வேளைகளில் ஓட்டுவது பதினைந்து வயதுப் பிள்ளை. 25 கிலோமீட்டர் 45 ஆனால் வேகம் 1.8 மடங்கு, பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ மூன்று மடங்குக்கு மேல்.

வண்டியை மேம்படுத்துவது தவறே இல்லை. தன் வண்டியைத் தானே திறந்து பார்த்து, அதன் அறிவியலைப் புரிந்துகொண்டு மாற்றுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வேலையை வரிசை மாற்றிச் செய்யுங்கள். முதலில் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சரிபாருங்கள். பிறகு சீட் பெல்ட். பிறகு கேபிளும் இணைப்புகளும். பிறகு கன்ட்ரோலரும் சொலினாய்டும் சார்ஜரும். இவை எல்லாம் புது வேகத்துக்குத் தயாரான பிறகு, கடைசியாக பேட்டரியை மாற்றுங்கள்.